நாலு வண்டிப் புகை

ஜூன் 2, திங்கள்

சுகிர்தா மேடம் ஆளுக்கு இரண்டு நோட்டு கொடுத்தார். "தினமும் என்ன நடந்துச்சோ எழுதுங்க சார். எதையும் விட்டுடாதீங்க" என்றார். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். ஒரு நோட்டில் அவருக்கு வேண்டியதை எழுதுவேன். இது எனக்கு. இருபத்தைந்து வருஷம் சேலம் ஜங்ஷன் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருந்து, தினம் மூன்று பேப்பர் படித்தவன் நான். எழுத எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வேலை இதுதான். ஒரு கால் டாக்சி கம்பெனி புதிதாக நாற்பது வண்டி வாங்கப் போகிறது. எந்த எரிபொருள் வண்டி மொத்தத்தில் குறைவாகக் கரியமில வாயு விடுகிறது என்று கண்டுபிடிக்க மேடத்தை வைத்திருக்கிறார்கள். ஒரே அளவில், ஒரே வெள்ளை நிறத்தில் நாலு வண்டி. டீசல் எனக்கு. பெட்ரோல் என் ஸ்டாண்டுச் சிநேகிதன் பாஷாவுக்கு. கேஸ் வண்டி எடப்பாடிச் சின்னண்ணனுக்கு. அவன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். கரண்ட் வண்டி ஸ்டெல்லாவுக்கு. ஏற்காட்டுக்காரி, பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். அஸ்தம்பட்டி ஷெட்டிலிருந்து கிளம்பி ஏற்காடு ஏரிவரை ஏறி இறங்க வேண்டும். பிறகு ஓமலூர் டோல்கேட் போய்த் திரும்ப வேண்டும். நாலு வாரம் இதே பாட்டுதான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் செருகியிருக்கிறார்கள். பச்சை விளக்கு சிமிட்டுகிறது. வேகத்தையும் எண்ணெய் குடிப்பதையும் அது குறித்துக்கொள்ளுமாம்.

ஜூன் 4, புதன்

ஷெட் தரையில் மேடம் சாக்பீஸால் படம் போட்டார். புகைக்குழாயில் வருவது மட்டும் புகை இல்லையாம். எண்ணெயைத் தோண்டி, கப்பலில் ஏற்றி, சுத்திகரித்து, லாரியில் பங்க் வரைக்கும் கொண்டுவரும் புகை எல்லாம் என் வண்டிக் கணக்கில்தான் ஏறும். எனக்கு முகம் சுருங்கியது. அடுத்ததாகக் கரண்ட் வண்டிக்குப் படம் போட்டார். நிலக்கரிச் சுரங்கம், அனல் மின் நிலையம், கம்பியில் வீணாகும் மின்சாரம், பேட்டரி செய்யும் தொழிற்சாலை. படம் வாசல்வரை நீண்டது. என் வயிறு குளிர்ந்துவிட்டது.

"பாத்தியாம்மா ஸ்டெல்லா, உன் வண்டிக்குப் புகைக்குழாய் எங்கயோ மேட்டூர் பக்கம் இருக்குது" என்றேன்.

"என் வண்டி புகையே விடாதுன்னு நான் எப்பண்ணா சொன்னேன்? சத்தம் போடாதுன்னுதான் சொன்னேன்" என்றாள். சின்னண்ணன்கூடச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் மேடம் நாலு படத்தையும் சுற்றி ஒரு கட்டம் போட்டார். கோட்டுக்குள் இருப்பதைத்தான் எண்ணுவாராம், வெளியே இருப்பதை எண்ணமாட்டாராம். ஆராய்ச்சி என்றால் எங்காவது ஓரிடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டுமாம்.

"அப்ப கோடு போடுறவங்க கையிலதான் எல்லாம் இருக்குதுன்னு சொல்லுங்க மேடம்" என்றான் பாஷா. அவனுக்கு வாய் நீளம். மனசில் ஒன்றும் இருக்காது.

ஜூன் 6, வெள்ளி

மேனேஜர் வந்து பேசிவிட்டுப் போனார். எந்த வண்டி புகைக் கணக்கில் குறைவாக, முதலிடத்தில் வருகிறதோ அந்த வண்டி டிரைவருக்கு நிரந்தர வேலையாம். சம்பளம், பி.எஃப்., ஞாயிறு லீவு. மற்றவர்களுக்கு நாள் கூலியோடு சரி.

எனக்கு ஐம்பத்து மூன்று வயசு. என் சொந்த வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்து, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைக்காமல், போன வருஷம் இரும்பு விலைக்குப் போட்டேன். இனி எவன் எனக்கு வேலை கொடுப்பான்? இது எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

ஜூன் 7, சனி

மழை. கொண்டலாம்பட்டியில் பஞ்சர் போட்டேன். வேலை நிரந்தரமாகுமா என்று பாப்பாத்தி கேட்டாள். ஆகும் என்றேன். பொண்டாட்டியிடம் வேறு என்ன சொல்வது?

ஜூன் 9, திங்கள்

முதல் வார அளவுகளைப் பலகையில் எழுதிப் போட்டார்கள். ஸ்டெல்லா முதலில். அடுத்தது கேஸ். நான் மூன்றாவது. பாஷா கடைசி.

கரண்ட் வண்டி மலை இறங்கும்போது அதுவாகவே சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. ஏறச் செலவழித்ததில் ஒரு பங்கை இறங்கும்போது திரும்ப வாங்கிக்கொள்கிறது. அவள் சும்மா உட்கார்ந்து இறங்குகிறாள், பலகையில் அவள் அளவு இறங்குகிறது. இது என்ன நியாயம்? நாங்களும் அதே மலையில்தான் இறங்குகிறோம். நானும் பாஷாவும் ஸ்டாண்டுக்காரர்கள் எல்லாரும் செய்வதுபோல நியூட்ரலில் விட்டு இறங்குகிறோம். எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு எண்ணெயைக் குடிக்கிறது.

என் பழைய வண்டியில், கீழிருந்து எண்ணும் பதினாறாவது வளைவில் சாவியை அணைத்தால், அடிவாரம் வரைக்கும் சொட்டு டீசல் செலவில்லாமல் வந்துவிடுவேன். அந்த வித்தையை மறந்தா போய்விட்டேன்?

ஜூன் 10, செவ்வாய்

செய்தேன். எஞ்சின் அணைந்தால் அந்தத் தீப்பெட்டிக்கு என்ன தெரியப் போகிறது? அழகாக உருண்டு வந்தது வண்டி.

ஒன்பதாவது வளைவில் கீழிருந்து டவுன் பஸ் ஏறி வந்தது. பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. இரண்டாம் தடவையும் பிடித்தது. மூன்றாம் தடவை பெடல் கருங்கல் மாதிரி நின்றுவிட்டது. எஞ்சின் ஓடினால்தான் இந்தப் புது வண்டிகளில் பிரேக்குக்கு வலு. இடது கையால் சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட் ஆனது, பிரேக்கும் பிடித்தது. பஸ் டிரைவர் என் அம்மாவைத் திட்டிவிட்டுப் போனான். அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சட்டை முழுக்க வேர்வை.

இனிமேல் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஸ்டார்ட் செய்துவிட வேண்டும், வளைவு தாண்டியதும் அணைக்க வேண்டும். இதை விட்டால் செத்தோம்.

ஜூன் 12, வியாழன்

பழகிவிட்டது. கை தானாகச் சாவிக்குப் போகிறது.

ஜூன் 14, சனி

பலகையில் கேஸ் வண்டியை நெருங்கிவிட்டேன். மேடம் என்னைப் பார்த்து, "என்ன சார் மந்திரம்?" என்றார். அனுபவம் என்றேன்.

பாஷா இன்னும் கடைசிதான். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். என் வண்டி இரும்புக்குப் போன பிறகு மூன்று மாசம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தன் டாக்சியை எனக்குக் கொடுத்தவன். "அன்னைக்கு வர்றது உனக்குடா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்பான். வாடகை என்று ஒன்றை அவன் வாயால் கேட்டதில்லை. பிறகு அவன் வண்டியும் போனது.

ஜூன் 16, திங்கள்

அடிவாரத்து டீக்கடையில் பாஷா பிடித்துக்கொண்டான்.

"மாதேசு, எங்கிட்ட மறைக்காத. நீ என்னமோ பண்ற."

"நான் என்ன பண்றேன்? பாத்து ஓட்டுறேன்."

"இருவது வருசமா நானும் பாத்துதான்டா ஓட்டுறேன். பெட்ரோலு வண்டி ஜெயிக்காதுன்னு எனக்கும் தெரியும். இந்தக் கடைசி எடத்துல நிக்கிறதுதான் கேவலமா இருக்குது. வீட்டுல பர்வீனு தினம் கேக்குறா, இன்னைக்காவது மேல வந்தீங்களான்னு."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. சொன்னேன். "பதினாறாவது வளைவு தாண்டுனதும் சாவியை அணைச்சுடு. சாவியை உருவிடாத, ஸ்டியரிங் பூட்டிக்கும். அப்படியே உருட்டிட்டு வந்துடு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் என் தோளில் தட்டிவிட்டு, டீக்கு அவனே கொடுத்தான்.

பாதியைச் சொன்னதே பெரிசு. ஸ்டாண்டில் எவனாவது தன் வித்தையை முழுசாக இன்னொருத்தனுக்குக் கொடுத்திருக்கிறானா? தவிர, அவன் ஒன்றும் நேற்றுப் பிறந்தவன் இல்லை. பெடல் இறுகினால் அவனுக்கே தெரிந்துவிடும். இருந்தாலும் நாளைக்குச் சொல்லிவிடலாம்.

ஜூன் 17, செவ்வாய்

பாஷா வண்டி அளவு நன்றாகவே இறங்கிவிட்டது. வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டே வந்தான். நாலு பேர் நடுவில் இருந்ததால் பேச முடியவில்லை.

ஜூன் 18, புதன்

ரேஷனில் பச்சரிசி போட்டார்கள். பாப்பாத்திக்கு முழங்கால் வலி, நான்தான் வரிசையில் நின்றேன். ஷெட்டுக்குத் தாமதமாகப் போனதில் பாஷா முன்னாடியே கிளம்பிவிட்டான். திரும்பி வந்தபோது ஸ்டெல்லாவோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தான். கேஸ் வண்டிக்கும் எனக்கும் இன்னும் கொஞ்சம்தான் வித்தியாசம்.

ஜூன் 19, வியாழன்

பாஷாவின் வண்டி ஆறாவது வளைவில் தடுப்புச் சுவரில் மோதிவிட்டது.

ஜூன் 21, சனி

நேற்று எழுத முடியவில்லை.

அவனுக்குப் பின்னால், ஒரு வளைவு மேலே வந்துகொண்டிருந்தேன். கீழே அவன் வண்டி தெரிந்தது. எதிரே காபிக் கொட்டை மூட்டை இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரி ஒன்று வளைவை முழுசாக அடைத்து நின்றது. பாஷாவின் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. எரிந்துகொண்டேயிருந்தது. வண்டி வேகம் குறையவில்லை. அவன் மிதித்துக்கொண்டுதான் இருந்தான். லாரியை விட்டு விலகிச் சுவரில் கொண்டுபோய் இடித்தான். சுவர் இல்லாவிட்டால் பள்ளம்.

மற்ற இரண்டு வண்டியும் எனக்குப் பின்னால் வந்தன. முதலில் ஓடியவள் ஸ்டெல்லா. கதவைப் பிய்த்து இழுத்தது சின்னண்ணன். நான் சாவியைப் பார்த்தேன். எஞ்சின் அணைந்துதான் இருந்தது.

தலையில் பதினெட்டுத் தையல். நினைவு வருகிறது, போகிறது. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அது டிரைவருக்கு மிதிக்கிற கால்.

மேனேஜர் என்னிடம் கேட்டார். பிரேக் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சொன்னேன். பொய் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். வார்டு வாசலில் பர்வீன் நின்றிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறாள். என் வீட்டு விசேஷம் எதிலும் அவள் கை படாமல் இருந்ததில்லை.

"நீங்கதான் ஏதோ சொல்லிக் குடுத்தீங்களாமே? அன்னைக்கு வீட்டுக்கு வந்து குதிச்சாரு. மாதேசு தொழில் ரகசியத்தையே எனக்குக் குடுத்துட்டான்னு" என்றாள்.

ஆரஞ்சை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "உள்ள வராதீங்க" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை. பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? இருபது வருஷ அனுபவம் உள்ள டிரைவருக்கு எதை எதை ஊட்டிவிட முடியும்? பொம்பளைக்குக் கோபம் வந்தால் முன்னால் நிற்கிறவன்மேல்தான் பாயும்.

ஜூன் 24, செவ்வாய்

மூன்று வண்டியோடு ஓடுகிறது. நான் எஞ்சினை அணைப்பதில்லை. நியூட்ரலும் போடுவதில்லை. இரண்டாவது கியரிலேயே இறங்குகிறேன். ஆறாவது வளைவில் கண்ணாடித் தூள் இன்னும் கிடக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

ஷெட்டில் நான் மட்டும் இருக்கும்போது சுகிர்தா மேடம் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தார். திரையைக் காட்டினார். கோடு கோடாக ஓடியது.

"உங்க கருவி எஞ்சின் நின்னாலும் எழுதும் சார். சாவி போட்டிருந்தா போதும்."

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தேன்.

"நேத்துதான் வரிவரியாப் பாத்தேன். முன்னாடியே பாத்திருக்கணும், அது என் தப்பு. ஒண்ணு மட்டும் கேக்குறேன். எதுக்காக அணைச்சீங்க?"

"டீசல் மிச்சமாகும்னுதான் மேடம்."

அவர் லேப்டாப்பை இன்னும் என் பக்கம் திருப்பினார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "இந்தக் காலத்து வண்டியை கியர்லயே விட்டு, ஆக்சிலரேட்டர்ல கால் வைக்காம இறங்குனா, டீசலே போகாது சார். வண்டியே நிறுத்திக்கும். பெட்ரோலுக்கும் அப்படித்தான். நியூட்ரல்ல விட்டாத்தான் குடிக்கும். இந்த நாலு நாளா நீங்க கியர்ல இறங்குறீங்க. அளவு மாறவே இல்லை, பாருங்க."

பார்த்தேன். மாறவில்லை. கியரில் இறங்கியிருந்தாலே போதும். இருபத்தைந்து வருஷமாக நியூட்ரல், நியூட்ரல் என்று ஸ்டாண்டில் ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிக்கொண்டு திரிந்தோமே, அது அந்தக் காலத்து வண்டிக்கு. பாஷாவின் கால் ஒரு சொட்டுப் பெட்ரோலுக்குக்கூடப் போகவில்லை.

"அப்ப என் அளவு நல்லா வந்தது?"

"நியூட்ரலை விட்டதுல கொஞ்சம். மீதி, ஏத்தத்துல நீங்க ரொம்ப அருமையா ஓட்டுறீங்க. அவ்வளவுதான்" என்றார்.

பிறகு வேறொரு பக்கத்தைத் திறந்தார். "இது பாஷா சார் வண்டி. மூணு நாளும் பதினாறாவது வளைவுல நின்ன எஞ்சின் அதுக்குக் கீழ திரும்ப ஸ்டார்ட் ஆகவே இல்லை. இது உங்க வண்டி. பத்தாம் தேதியும் அப்படித்தான் வந்திருக்கு, ஒன்பதாவது வளைவு வரைக்கும். பதினொண்ணாம் தேதியிலேருந்து ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடி ஸ்டார்ட் ஆகுது. பத்தாம் தேதி என்ன நடந்துச்சு சார்?"

"ஒண்ணும் நடக்கலை மேடம்."

"வளைவுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணணும்னு அவருக்குத் தெரியுமா?"

டீக்கடைக்காரன் வந்து காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனான்.

"இதை நான் ரிப்போர்ட்ல போடப் போறதில்லை" என்று லேப்டாப்பை மூடினார். "எந்த எரிபொருள் எவ்வளவு கார்பன்னு மட்டும்தான் எங்கிட்ட கேட்டிருக்காங்க. இது என் கோட்டுக்கு வெளிய. நீங்கதான் பாத்துக்கணும்."

படித்தவர்களுக்கு எவ்வளவு வசதி. கோட்டைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம்.

ஜூன் 30, திங்கள்

முடிவு வந்துவிட்டது. தோண்டுவது, எரிப்பது, வண்டி செய்வது, பேட்டரி எல்லாம் சேர்த்து, ஒரு கிலோமீட்டருக்குக் கரண்ட் வண்டி 178 கிராம். கேஸ் 186. டீசல் 194. பெட்ரோல் 219. கரண்ட் வண்டியில் ஐம்பது கிராமுக்கு மேல் வண்டியும் பேட்டரியும் செய்ததிலேயே போய்விடுகிறதாம். மின்சாரத்தில் நிலக்கரி குறையக் குறைய இன்னும் இறங்குமாம். பெட்ரோல் என்ற இடத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அடியில், "பதினைந்து நாள் அளவுகள் மட்டும்" என்று போட்டிருந்தது. பாஷாவுக்கு அந்த நட்சத்திரம்தான் கிடைத்தது.

ஸ்டெல்லாவை நிரந்தரம் செய்துவிட்டார்கள். கைதட்டினோம். அவள் அழுதாள்.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "மாதேஸ்வரன், உங்க ஓட்டுதலைப் பத்தி மேடம் ரிப்போர்ட்ல தனியா ஒரு பாராவே எழுதியிருக்காங்க. இந்த ஆக்சிடெண்டுக்குப் பிறகு ஹெட் ஆபீஸ்ல பயந்துட்டாங்க. நாப்பது டிரைவர் புதுசா வர்றாங்க. மலையில எப்படி இறங்கணும்னு அவங்களுக்குச் சொல்லித்தர ஒரு ஆள் வேணும். நிரந்தரம்தான். என்ன சொல்றீங்க?"

சரிங்க என்றேன். என் இடத்தில் வேறு யார் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். பாப்பாத்தி கேசரி கிளறினாள்.

ஜூலை 3, வியாழன்

பாஷா நன்றாகப் பேசுகிறான் என்று சின்னண்ணன் போன் செய்தான். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். பஸ்ஸில் போகும்போது வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டேன். உங்கிட்ட பாதிதான்டா சொன்னேன், மீதி எனக்குத் தெரியும், வேணும்னேதான் சொல்லலை. இவ்வளவுதான். பத்து நொடி ஆகாது.

பர்வீன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்து போகவில்லை.

"வாடா மாதேசு. நிரந்தரமாயிட்டியாமே? சின்னண்ணன் சொன்னான். நம்ம ஸ்டாண்டுல ஒருத்தனாவது கரை ஏறுனானேன்னு இருந்துச்சு" என்றான் பாஷா. கன்னம் ஒட்டிப்போய், சிரித்தபோது பல் மட்டும் தெரிந்தது. போர்வை வலது பக்கம் சப்பையாகக் கிடந்தது.

"பாய், ஒரு விசயம் சொல்லணும்" என்றேன்.

"இரு, நான் ஒண்ணு கேக்குறேன். பத்து நாளா இதே யோசனை. அன்னைக்கு டீக்கடையில பதினாறாவது வளைவுல அணைச்சுடுன்னு நீ சொன்னது ஞாபகம் இருக்குது. சாவியை உருவாதன்னது ஞாபகம் இருக்குது. அதுக்கு அப்புறம் எதுவுமே இல்லை. தலையில அடிபட்டதுல முன்ன பின்ன அழிஞ்சு போயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. எஞ்சின் நின்னா பெடல் இறுகிடும்னு சின்னண்ணன் சொல்றான், அதை நீ சொன்னியாடா?"

பர்வீன் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சொன்னேனே" என்றேன்.

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அடுக்கி வைத்திருந்ததில் அது இல்லை. வந்தது மட்டுமில்லை, மேலும் வந்தது. "வளைவுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிக்கணும்னு சொன்னேனே பாய். ரெண்டு தடவை சொன்னேன்."

பாஷா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"சொல்லாம இருந்திருக்க மாட்ட. எனக்குத்தான் ஞாபகம் இல்லை" என்றான். பர்வீன் பக்கம் திரும்பினான். "கேட்டியா? நான்தான் மறந்து தொலைச்சிருக்கேன். போயி அவனை ஏசிட்டு வந்தியே. மன்னிப்பு கேளு."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அவள் எழுந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். "மனசுல வச்சுக்காதீங்கண்ணே. வயித்தெரிச்சல்ல என்னென்னமோ பேசிட்டேன்" என்றாள். பிளாஸ்கைத் திறந்து, அவளுக்கென்று வைத்திருந்த டீயை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

வாங்கிக் குடித்தேன். முழுசாகக் குடித்தேன்.